நடுவீட்டுக் கடல்

அரிசிச் சாக்கைக் கட்டிலின்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபக்கம் மாவுச்சட்டி மிதந்து அடுப்படிக்குள் போவதைக் கண்டு அதை எட்டிப் பிடிப்பதற்குள், தண்ணீர் சொர்ணபாயின் கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்கால்வரை ஏறிவிட்டிருந்தது. வாசலுக்கு வெளியே காய்ந்த செம்மண்ணில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு எமிலி, "நேத்து உபதேசியார் கோயில் மணி அடிக்கும்போதே ஏறிட்டு, இன்னைக்கு முக்கா மணி நேரம் பிந்திட்டு பாத்தியளா மைனி," என்றாள், தபால்காரன் வந்து போகிற நேரத்தைச் சொல்வதுபோல.

"அங்க நின்னு மணி பாக்கதுக்கு உள்ள வந்து சாக்குல ஒரு கை பிடிக்கலாம்லா."

"எனக்குச் சேத்துப்புண்ணு மைனி. உப்புத்தண்ணி பட்டா காந்தும்."

"பட்டா ஆறும்னு நீதான ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுத."

"அது மத்தவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு எமிலி, இன்னும் ஒரு விரற்கடை ஏறுமா என்று பார்ப்பதற்காக வாசற்படியருகே குந்தி உட்கார்ந்தாள்.

இது நாலாவது வாரம். சமாதானவிளையிலிருந்து கடலுக்கு ஒன்பது மைல், நடுவில் தேரிமணலும் பனையும் முருங்கைத் தோட்டங்களும் இரண்டு குளங்களும் இருக்கின்றன, அந்த வருஷம் குளங்களில்கூடத் தண்ணீர் இல்லை. அப்படியிருந்தும் மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், விடிந்ததும் ஜெபம் பண்ணுவதற்காகக் கட்டிலிலிருந்தே சரிந்து முழங்கால் போட்ட சொர்ணபாயின் முழங்கால்கள் நனைந்தன, குனிந்து பார்த்தபோது வீடு முழுக்கக் கடல் நின்றது. மழை இல்லை, புயல் இல்லை, எந்த வழியாக வந்தது என்பதற்குச் சுவரில் ஒரு கசிவும் இல்லை. வற்றமாக இருக்கும் வேளையில் கணுக்கால் அளவும் ஏற்றத்தின்போது கெண்டைக்கால் அளவும் இருக்கும், அடியில் பொடிச் சிப்பிகள் கிடக்கும், எப்போதாவது விரல் நீளத்தில் ஒரு மீன் அலமாரியின் காலைச் சுற்றி வரும். ஆனால் முன்வாசற்படியையோ புறவாசற்படியையோ அது ஒரு நாளும் தாண்டியதில்லை, கதவை அகலத் திறந்து வைத்தாலும் படியின் விளிம்பில் வந்து, கண்ணாடி போட்ட மாதிரி நின்றுகொள்ளும்.

முதல் நாளே ஐயர் வந்தார். சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவரான அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்து, "உப்புதான்," என்றார். மறுநாள் சேகரக் கமிட்டி கூடி, அது கடல்தான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பஞ்சாயத்திலிருந்து வந்தவர் குழாய் உடைப்பு எதுவும் இல்லையென்று எழுதிக் கொடுத்தார். கரண்டுக்காரர் வந்து சுவிட்சுப் பெட்டிகளை எல்லாம் மூன்றடி உயர்த்தி வைத்தார். மொபெட்டில் மீன் கொண்டுவரும் பெண் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்திருந்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "எங்க கடலுதான், நெறத்தப் பாத்தாலே தெரியுதுல்லா. ஒரு வீட்டளவு கொறையுதேன்னு நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருந்தோம்," என்றாள், பிறகு சாளை வேண்டுமா என்று கேட்டாள். தாய்மார்கள் சொறி வந்த பிள்ளைகளைத் தூக்கி வந்து காலை நனைத்துவிட்டுப் போனார்கள், இழுப்பு வியாதிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் ஜன்னலோரம் நின்று காற்றுப் பிடித்தார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூட்டத்தை வாசலிலேயே பாய் விரித்து நடத்தினார்கள், செயலாளரான சொர்ணபாய் படிக்கு உட்புறம் தண்ணீருக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தாள்.

ஏன் வந்தது என்பதையும் ஊர் தன் போக்கில் பேசித் தீர்த்தது. முதல் வாரம், ஏதோ மறைவான பாவம் என்று கிணற்றடியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இரண்டாம் வாரம் அது சோதனை என்றானது. மூன்றாம் வாரம், இவ்வளவு பெரிய சோதனையைத் தாங்குகிற ஆளுக்குத்தானே கர்த்தர் கொடுப்பார் என்று சொல்லி அதை ஒரு கௌரவமாக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குள் கடல் வராத மற்றவர்கள் லேசாகக் குறைபட்டுக்கொள்ளவும் செய்தார்கள்.

சொர்ணபாய்க்குத் தண்ணீரைவிட, வருகிறவர்களின் வாய்தான் தாங்க முடியாததாக இருந்தது. பதினோரு வருஷமாகச் சங்கத்தின் செயலாளர் அவள். அந்த ஊரில் சாவோ நோவோ வந்த எந்த வீட்டுக்கும் அவள் வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகாமல் இருந்ததில்லை, போன இடத்தில் காரணம் சொல்லாமல் எழுந்து வந்ததும் இல்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த தாவீதுமணியிடம், உலகத்தின்மேல் இருந்த பற்றை அறுக்கத்தான் என்றாள். காற்றில் வாழை சாய்ந்தவரிடம், ஓய்வுநாளில் வேலைக்கு ஆள் விட்டதை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். கண் பார்வை மங்கியவளிடம், உள்கண்ணைத் திறக்க என்றாள். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதுபோல அவளுக்கு அது கைவந்திருந்தது. இப்போது அவர்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்று, அவள் சொன்ன அதே சொற்களை அவளுக்கே சொன்னார்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை, இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிற அக்கறைதான் இருந்தது.

"ஒங்க பற்ற அறுக்கத்தான் அக்கா," என்றார் தாவீதுமணி, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு. "நீங்கதான் எனக்குச் சொன்னிய. அன்னைக்கு ராத்திரி நான் அரளிக்காயைப் பறிச்சு வச்சிட்டேன். பெறவு பெரிய பிள்ளை வந்து தூரப் போட்டா. இப்பம் நல்லாத்தான் இருக்கேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சொர்ணபாய் "ஸ்தோத்திரம்" என்றாள், பிறகு தண்ணீருக்குள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்த தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் எல்லாரும் வந்து போனார்கள், பியூலா மட்டும் வரவில்லை. கோயில் மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு, வாசலில் நின்று பார்த்தால் அவள் துணி காயப்போடுவது தெரியும். அவள் வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொர்ணபாய் மட்டும் தினமும், அவள் வந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டும், வரமாட்டாளா என்று பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

காரணம் போன வருஷத்துப் புத்தாண்டில் இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை உண்டு; தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுத்தால், அதில் இருக்கிற வசனம்தான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கர்த்தர் சொன்ன சொல், சட்டம் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. மற்ற ஊர்களில் அச்சடித்ததை வாங்குவார்கள், அதில் ஆசீர்வாதத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. சமாதானவிளையில் சொர்ணபாய் தன் கையால் எழுதினாள். இனிப்பையே தின்றால் விசுவாசம் சொத்தையாகிவிடும் என்று சொல்லி, நூற்றிருபது அட்டைகளில் நாலைந்தில் கடினமான வசனங்களையும் எழுதிச் சேர்த்தாள். அவற்றில் ஒன்று, கொடுத்தவரே எடுத்துக்கொள்வதைப் பற்றியது. மூன்று மாத வயிற்றுப் பிள்ளையோடு வந்த பியூலாவின் கைக்கு அது வந்தது. அவள் அங்கேயே நின்று வாசித்துவிட்டு, மெதுவாக, "பெரியம்மை, இத வச்சிட்டு வேற ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "அவரு தந்ததை மாத்திக் கேக்காத ஏட்டி," என்று சொர்ணபாய் பின்வரிசைக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். ஆடியில் பிள்ளை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் சொர்ணபாய் போனாள், பியூலாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பாத்தியா, அவரு முன்னமே சொல்லிட்டாரு," என்றாள்.

இது ஊருக்குத் தெரியும், இதற்காகச் சிலர் அவளை மெச்சவும் செய்தார்கள். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம், ஆலயத்தின் பக்கத்து அறையில் தனியாக அட்டைகளை அடுக்கும்போது சொர்ணபாய் தன் வீட்டுக்கானதை முதலில் எடுத்தாள். கொடுத்தவரே எடுத்துக்கொள்கிற அந்த அட்டைதான் அவள் கையில் வந்தது. மறுவாரம் அவள் மகன் பஹ்ரைனுக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது. அவள் கதவைப் பார்த்தாள், அட்டையைக் கட்டுக்குள் செருகினாள், மூன்று தடவை கலைத்தாள், வேறொன்றை எடுத்தாள். களஞ்சியம் நிரம்புவதைப் பற்றிய வசனம் அது. சட்டம் போட்டு மாட்டினாள், இப்போதும் ஏற்றத்தண்ணீர் தொடாத உயரத்தில் அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் அட்டை எழுதும்போது கடினமான வசனம் ஒன்றுகூட அவள் எழுதவில்லை, ஏனென்று யாரும் கேட்கவுமில்லை.

நாலாவது வார வெள்ளிக்கிழமை ஐயர் வந்தார். "ஞாயித்துக்கிழமை அசன விருந்து இருக்குல்லாம்மா. நாலு சேகரத்து ஜனங்க வாறாங்க. சாப்பாட்டுக்கு முந்தி நீங்க ஒரு சாட்சி சொல்லணும்."

"நான் என்ன சொல்ல ஐயா?"

"புதுசா ஒண்ணும் வேண்டாம். நீங்க எப்பவும் சொல்லுததுதான். இதுக்குள்ள ஒரு நோக்கம் இருக்கு, எனக்குத் தெரியும், அப்படின்னு. கேக்கதுக்குத்தான் அவ்வளவு பேரும் வாறாங்க."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்து நிற்பதும், தன் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வழக்கம்போலத் தடையில்லாமல் வருவதும், நாலு சேகரம் ஆமென் சொல்வதும், அந்த ஆமென்களுக்கு நடுவில் பியூலா உட்கார்ந்திருப்பதும் அவளுக்குக் கண்முன்னே தெரிந்தன. அவள் இறங்கிப் படியைத் தாண்டி, செருப்பு இல்லாமல், மைதானத்தின் குறுக்கே நடந்தாள். சுட்ட மண்ணில் அவள் வீட்டிலிருந்து பியூலா வீடுவரை ஈரக்காலடிகள் வரிசையாக விழுந்தன.

பியூலா முற்றத்தில் முருங்கைக்காய்களைக் கட்டுக்கட்டாக வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்கால லாரிக்குப் போக வேண்டியவை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்க பெரியம்மை," என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

சொர்ணபாய் நின்றுகொண்டே சொன்னாள். அட்டையை எடுத்ததையும், செருகியதையும், மூன்று தடவை கலைத்ததையும் சொன்னாள். வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த சொற்கள் வரவில்லை, கடைக்குப் போய்வந்த விவரம் மாதிரிதான் வந்தது. பியூலாவின் கை நிற்கவில்லை. நாரைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்து, கட்டை ஓரமாக அடுக்கினாள்.

"அப்பம் அந்த அட்டைய நீங்களே வச்சிருந்தா எம்பிள்ளை பிழைச்சிருக்கும்னா சொல்லுதிய?"

"தெரியலட்டி."

"தெரியலன்னு சொல்ல இப்பந்தான் பழகுதிய என்னா."

பியூலா அடுத்த நாரின் நுனியை நகத்தால் கிழித்துப் பிரித்தாள்.

"பெரியம்மை, அவரு என்ன சீட்டுக் கட்டா வச்சிருக்காரு, நீங்க கலைச்சா ஆளு மாத்திக் குடுக்கதுக்கு? பிள்ளைக்கு மூச்சு எறங்கல. ஆஸ்பத்திரில சொன்னாங்க. அட்டையால செத்துச்சுன்னு நான் ஒரு நாளும் நினைக்கல. அத அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்." அவள் இன்னொரு கட்டுக்குக் காய்களை எண்ணாமல் அள்ளினாள். "நீங்க வந்தியல்லா மறுநாளு. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லா இருந்தது. காச்சலு. சட்டை பூரா நனைஞ்சு போயி, எந்திரிக்க ஏலாம கெடந்தேன். ஒரு துணிய நனைச்சுப் பிழிஞ்சு தந்திருக்கலாம். நீங்களும் பிள்ளை பெத்தவதான, கண்டிருப்பிய. கண்டுக்கிட்டேதான் அவரு மனசுல என்ன இருக்குன்னு எனக்குச் சொன்னிய."

கண்டிருந்தாள். வாசலில் நுழைந்ததுமே பால்வாடை அவளுக்குத் தெரிந்தது. கையில் வேதம் இருந்ததால் அதை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள், முடித்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

"மன்னிச்சிரு ஏட்டி," என்றாள்.

"அது எப்பம் வருதோ அப்பம் வரட்டும். இப்பம் இல்ல." பியூலா அதைக் கோபமில்லாமல், லாரி வருகிற நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

சொர்ணபாய் திரும்பினாள், இரண்டு எட்டு வைத்து நின்றாள். "நீ கோயிலுக்கு வாறதை நிறுத்தலியே. ஒரு வாரம்கூட."

"எங்க போக பெரியம்மை? தெனமும் சண்டைதான் போடுதேன் அவருகிட்ட. ஏன்னு கேக்கேன், அவரு சொல்ல மாட்டேங்காரு. கேக்கதை நானும் நிறுத்தல, கேட்டுக்கிட்டு இருக்கதை அவரும் நிறுத்தலன்னு மட்டும் தெரியுது. எதுக்குன்னு சொன்னாத்தான் இருப்பேன்னு சொல்லுததுக்கு அவரு என்ன வாடகை வீடா?" சொல்லிவிட்டு அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. "நீங்க போங்க. ஏத்தம் வாற நேரம். ஒங்க சட்டி மிதக்கும்."

சொன்னதால் தண்ணீர் வற்றிவிடும் என்று சொர்ணபாய் தனக்குள் எங்கோ நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் படியேறி உள்ளே பார்த்தபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது, அந்த ஏமாற்றத்தைக் கண்டு மறுபடியும் வெட்கமாக இருந்தது. கடல் வந்து நின்றது. சனிக்கிழமையும் வந்தது. அவள் அதற்குள் முழங்கால் போட்டு, வாயைத் திறந்து, எதற்காக என்று நானே அறிவேன் என்கிற பாவனையில் பதினோரு வருஷமாகப் பண்ணிவந்த ஜெபத்தின் முதல் வரியைத் தொடங்கி, நிறுத்திக்கொண்டு, தொடைவரை நனைய அப்படியே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு சேகரத்து ஜனங்களும் வந்து மைதானம் நிரம்பியது. பந்தலுக்கு வெளியேயும் நின்றார்கள். வந்த கையோடு அவள் வீட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், சிப்பி பொறுக்கி மடியில் கட்டியவர்கள், இன்னும் பெரியதாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் அண்டாக்களில் சோறும் குழம்பும் வெந்து முடிந்திருந்தன, அந்த வாடைக்குப் பிள்ளைகள் அழத் தொடங்கியிருந்தார்கள். ஐயர் மைக்கை அவளிடம் கொடுத்தார்.

"எனக்கு," என்றாள் சொர்ணபாய், பிறகு மைக் கூவியது, உபதேசியார் வந்து திருகிவிட்டுப் போனார். "எனக்கு இது எதுக்குன்னு தெரியாது. ஒங்க வீடுகள்ல வந்ததும் எதுக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அவரு எங்கிட்ட சொல்லல. சொல்லாததைச் சொன்னேன்." பந்தலில் யாரோ பழக்கத்தில் "ஆமென்" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள். தாவீதுமணி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வந்ததைப் பயந்து தள்ளிவிட்டவ நான். அதை யாருகிட்டச் சொல்லணுமோ அவகிட்டச் சொல்லிட்டேன். தண்ணி இன்னும் நிக்கி. பயமாத்தான் இருக்கு. அவரு நல்லவருன்னு நம்புதேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது." வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் மைக்கை இரண்டு கையாலும் நீட்டினாள், வாங்கிக்கொள்ள யாரும் சட்டென்று வரவில்லை, அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

பாட்டுக் குழுவினர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்கள். "மைக்கு சரியில்ல, ஒண்ணும் விளங்கல," என்றாள் எமிலி வெளியூர்க்காரர்களிடம். "கடலு எவ்வளவு ஏறும்னு சொல்லாம விட்டுட்டாளே," என்று ஒருவர் குறைபட்டார். ஐயர் ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார், இலைகள் விழுந்தன, பந்தியில் சொர்ணபாய்க்கு இப்பக்கமும் அப்பக்கமும் உட்கார்ந்தவர்கள் அவளிடம் எதுவும் பேசாமல், ஆனால் உப்பை மட்டும் மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அவளுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இலையை மடித்துவிட்டு, கை கழுவப் போகிறவளைப்போல எழுந்து, ஆலயத்துக்குப் பின்பக்கமாகப் போனாள்.

அங்கே காலியான அண்டாக்களைப் பெண்கள் உருட்டிக்கொண்டு வந்து வேலியோரம் போட்டிருந்தார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, எல்லாவற்றிலும் பெரிய அண்டாவுக்குள் தோள்வரை குனிந்து, பியூலா தேங்காய்நாரும் சாம்பலும் வைத்து அடிப்பிடித்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுத்தித் தேய்க்கும்போதெல்லாம் அண்டா அப்பக்கமாக உருண்டு ஓடியது, அவள் ஒரு கையால் அதை இழுத்து வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். சற்றுத் தள்ளி நின்ற பெண்கள் அடுத்த வருஷ அசனத்துக்கு யார் விறகு தருவது என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொர்ணபாய் மறுபக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பியூலா நிமிரவில்லை. அந்தப் பக்கம் தேய்த்து முடிந்ததும் அண்டாவை ஒரு சாண் உருட்டிவிட்டாள், சொர்ணபாய் கையை மாற்றி விளிம்பின் அடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.